பி.இசட். வழக்கு: ஒரு பிரெஞ்சு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ஆடாமல் போன பதினோரு மாதம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று சொன்ன தீர்ப்பில் இந்த ஆட்டக்காரரின் பெயர் கிடையாது. பி.இசட். என்று இரண்டே எழுத்து. வழக்கு எண் சி-650/22. கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று பின்னணியைப் படித்தாலே தெரிந்துவிடும். இருந்தாலும் நீதிமன்றம் வைத்த எழுத்துகளையே நானும் வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையைப் பலரும் "அபராதம் போட்டார்கள், எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயித்தார்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. பழைய கிளப்புக்கு அவர் கட்ட வேண்டும் என்று வந்த நஷ்டஈட்டு உத்தரவு ரத்தாகவே இல்லை. வழக்கு வேறொன்றைப் பற்றியது: வேலை கொடுக்கத் தயாராக இருந்த ஒரு மூன்றாம் தரப்பு ஏன் பயந்து பின்வாங்கியது என்பதைப் பற்றியது.

பின்னணி

பி.இசட். 1985 மார்ச்சில் பாரிஸில் பிறந்தவர். லே ஆவ்ர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை 2005-இல் செல்சி வாங்கியது. ஆனால் அவருடைய இடத்தில் அங்கே ஏற்கெனவே ஒரு பிரெஞ்சுக்காரர் நின்றுகொண்டிருந்தார்: கிளோட் மகெலெலே. தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிற்பது, எதிரணி கட்டி எழுப்பும் ஆட்டத்தை நடுவில் புகுந்து உடைப்பது, பறித்த பந்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தட்டிவிட்டு மறுபடி தன் இடத்துக்கே வந்து நிற்பது. இந்த வேலையையே இங்கிலாந்தில் அவர் பெயரால் சொல்லத் தொடங்கியிருந்த காலம். அப்படிப்பட்டவர் இருக்கும்வரை இருபது வயதுப் பையனுக்கு பெஞ்ச்தான்.

2007 ஆகஸ்ட் கடைசியில் ஆர்சனல் போனார். அங்கேயும் ஆட்டம் போதவில்லை. ஐந்தே மாதத்தில் போர்ட்ஸ்மவுத். 2008 மே மாதம் கார்டிஃபை 1-0 என்று வென்று போர்ட்ஸ்மவுத் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியபோது அவரும் களத்தில் இருந்தார். 2009 ஜனவரியில் ரியல் மாட்ரிட். இடம் கிடைக்கவில்லை என்றால் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார், கிளம்பிவிடுவார். இந்தக் குணம் அதுவரை அவருக்கு நல்லதையே செய்திருந்தது.

மாட்ரிடில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் ரியல் மாட்ரிட் இரண்டு பேரை வாங்கியது: இவரையும் ஒரு டச்சு முன்கள வீரரையும். இருவரும் அதே பருவத்தில் தங்கள் பழைய கிளப்புகளுக்காக யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆடியிருந்தார்கள். அப்படி ஆடியவர்களில் ஒருவரை மட்டுமே சாம்பியன்ஸ் லீகுக்குப் பதிவு செய்யலாம் என்பது விதி. கிளப்புக்கு அது பணம் கொடுத்து வாங்கிய பிறகுதான் உறைத்தது. பி.இசட்.டைப் பதிவு செய்தார்கள், மற்றவர் உட்கார வேண்டியதாயிற்று. பதிவுத்தாள் என்ற ஒன்று ஆட்டத்திறனைவிடப் பெரிதாகிவிடும் நேரம் உண்டு என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆறு வருடம் கழித்து அது அவர் பக்கமே திரும்பியது.

2012-இல் ரஷ்யாவுக்குப் போனார். தாகெஸ்தானின் ஆன்ஷி மகச்கலா அப்போது பணத்தைத் தண்ணீராக இறைத்துக்கொண்டிருந்த கிளப். ஆட்டக்காரர்கள் குடியிருந்ததும் பயிற்சி எடுத்ததும் மாஸ்கோவில். சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் விமானத்தில் போய்வருவார்கள். 2013 ஆகஸ்டில் முதலாளி திடீரென்று செலவைச் சுருக்க முடிவெடுத்தார். விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுத் தள்ளினார்கள். பி.இசட். லோகோமோட்டிவ் மாஸ்கோவுக்குப் போனார். ஆகஸ்ட் 20 அன்று நான்கு வருட ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 28.

மாஸ்கோவில் முறிந்தது

முதல் பருவம் பிரச்சினையில்லாமல் போனது. அதற்கப்புறம் பயிற்சியாளரோடு பிணக்கு, சம்பளத்தைக் குறைக்கும் பேச்சு, இவர் பயிற்சிக்கு வரவில்லை என்று செய்திகள் வந்தன. 2014 ஆகஸ்ட் 22 அன்று கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. காரணம் ஆட்டக்காரரின் நடத்தை என்றது. செப்டம்பர் 15 அன்று ஃபிஃபாவின் தகராறு தீர்க்கும் அமைப்பிடம் போய், தகுந்த காரணமில்லாமல் ஒப்பந்தத்தை மீறியவர் இவர்தான், 2 கோடி யூரோ தர வேண்டும் என்று கேட்டது. இவரும் பதிலுக்கு ஒரு மனு போட்டார்: பாக்கிச் சம்பளமும், ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்கான பணமும் வேண்டும் என்று.

யார் பக்கம் நியாயம் என்பதை இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளவில்லை. 2015-இல் ஃபிஃபாவின் அமைப்பு கிளப் சொன்னதைப் பெரும்பாலும் ஏற்று, அவர் 1.05 கோடி யூரோ கட்ட வேண்டும் என்றது. அவருடைய எதிர்மனுவைத் தள்ளியது. 2016 மே மாதம் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமும் அதையே உறுதி செய்தது. அவரை அநியாயமாகத் துரத்தப்பட்டவர் என்று சொல்ல இந்த ஆவணங்களில் இடமில்லை என்பது என் எண்ணம்.

விதி என்ன சொன்னது

சிக்கலின் வேர் ஃபிஃபாவின் ஆட்டக்காரர் நிலை மற்றும் மாற்ற விதிமுறைகளில், 17-ஆம் பிரிவில் இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் ஒப்பந்தத்தை உடைத்தவர் நஷ்டஈடு தர வேண்டும். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது, எந்த ஊர்ச் சட்டமும் இதைத்தான் சொல்லும். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட அந்த நாட்டுச் சட்டம், 'விளையாட்டின் தனித்தன்மை', பழைய கிளப் அவரை வாங்கச் செலவழித்தது, புது ஒப்பந்தத்தில் அவர் வாங்கப்போகும் சம்பளம் என்று பலதையும் பார்க்கலாம் என்று விதி விட்டுவைத்தது. தொகை எங்கே போய் நிற்கும் என்று தீர்ப்பு வரும்வரை யாராலும் சொல்ல முடியாது.

அதே பிரிவின் இரண்டாவது பத்தி, அந்த நஷ்டஈட்டுக்கு ஆட்டக்காரரோடு சேர்ந்து அவருடைய புதிய கிளப்பும் பொறுப்பு என்றது. ஒப்பந்தம் உடைந்ததில் புதிய கிளப்புக்குக் கடுகளவு பங்கும் இல்லாவிட்டாலும் பொறுப்பு பொறுப்புதான். நான்காவது பத்தி இன்னும் ஒரு படி மேலே. ஒப்பந்தம் காப்புக் காலத்துக்குள், அதாவது அதன் முதல் இரண்டு மூன்று பருவங்களுக்குள், உடைந்திருந்தால், உடைக்கச் சொல்லித் தூண்டியதே புதிய கிளப்தான் என்று முன்கூட்டியே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்தக் கிளப்பின் வேலை. முடியாவிட்டால் இரண்டு முழுப் பதிவுக் காலங்களுக்கு ஒரு புதிய ஆளைக்கூடப் பதிவு செய்ய முடியாது.

இதற்கெல்லாம் மேல் சர்வதேச மாற்றச் சான்றிதழ். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் ஆட்டக்காரருக்குப் பழைய நாட்டின் சம்மேளனம் கொடுக்க வேண்டிய தாள் அது. நம் அலுவலக மொழியில் ரிலீவிங் லெட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தகராறு நிலுவையில் இருந்தால் அதைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. பழைய கம்பெனி லெட்டர் தராமல் இழுத்தால் நமக்கு எரிச்சல், அலைச்சல். ஆனாலும் வேறெங்காவது சேர்ந்துவிடலாம். ஆட்டக்காரருக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் களத்தில் இறங்கவே வழியில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தீர்ப்பு வரும் முன்பே ஆட்டக்காரருக்குத் தண்டனை தொடங்கிவிடுகிறது. அதையும் யாரும் வெளிப்படையாக விதிக்கவில்லை. மற்ற கிளப்புகளின் பயம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிப்ரவரி 19 கடிதம்

2015 பிப்ரவரி 19 அன்று பெல்ஜியத்தின் சார்லெரோய் கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் இரண்டு நிபந்தனை. முதலாவது, நீங்கள் முறைப்படி பதிவாகி எங்கள் முதல் அணியில் எல்லாப் போட்டிகளிலும் ஆடத் தகுதி பெற வேண்டும். இரண்டாவது, லோகோமோட்டிவுக்கு நீங்கள் கட்ட நேரும் எந்த நஷ்டஈட்டுக்கும் நாங்கள் பொறுப்பாக மாட்டோம் என்று எழுத்துமூலமாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் உறுதி வேண்டும்.

இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடிதம்தான். சார்லெரோயை யாரும் குறை சொல்ல முடியாது. நடுத்தரக் கிளப். எதிரே தொங்குவது 2 கோடி யூரோ கேட்கும் மனு. எவ்வளவு என்று கணக்கே சொல்ல முடியாத கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால் எந்தப் பொறுப்பான நிர்வாகியும் போட மாட்டார். ஆனால் அந்தப் பயத்தை அவர்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு 'வேறு ஆளைப் பார்த்துவிட்டோம்' என்று நழுவியிருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது. காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் வேறு கிளப்புகள் கதவைச் சாத்தியிருந்தால் அதற்குச் சாட்சி எங்கே இருக்கும்?

அவருடைய வழக்கறிஞர்கள் ஃபிஃபாவுக்கும் பெல்ஜியச் சம்மேளனத்துக்கும் எழுதினார்கள். இந்த இரண்டு உறுதியும் தருவீர்களா என்று. விதிகளைப் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும் அதிகாரம் உரிய அமைப்புக்கு மட்டுமே உண்டு என்றது ஃபிஃபா. பழைய இடத்திலிருந்து மாற்றச் சான்றிதழ் வராதவரை பதிவு செய்ய முடியாது என்றது பெல்ஜியச் சம்மேளனம். இரண்டு பதிலுமே விதிப்படி சரியானவை. மார்ச் 10 அன்று அவருக்கு 30 வயது முடிந்தது. சார்லெரோய் வாய்ப்பு கைநழுவிப் போனது.

முப்பது என்பது இந்த இடத்து ஆட்டக்காரருக்குக் கிழ வயதில்லை. அனுபவமும் உடம்பும் ஒன்றாக இருக்கும் கடைசிச் சில வருடங்களின் தொடக்கம். இடம் பார்த்து நிற்பதும், எதிரணியின் அடுத்த பாஸ் எங்கே போகும் என்று ஊகிப்பதும் தனியாக ஓடிப் பழகுவதில் வருவதில்லை. நிஜ ஆட்டத்தில்தான் தீட்டிக்கொள்ள முடியும். அந்தக் காலத்தில் பதினோரு மாதம் போனது.

மார்சே போன பிறகு

2015-இன் அந்தத் தீர்ப்பில் 1.05 கோடி யூரோ என்ற வரியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது: புதிய கிளப்பும் சேர்ந்து பொறுப்பு என்ற 17-ஆம் பிரிவின் இரண்டாவது பத்தி இனிமேல் இந்த ஆட்டக்காரருக்குப் பொருந்தாது. அதன் பிறகு, ஜூலை மாதம், ஒலிம்பிக் த மார்சே அவரை எடுத்துக்கொண்டது.

அவருடைய கால்கள் அதே கால்கள். கடன் குறையவில்லை, சொல்லப்போனால் இப்போதுதான் அது உறுதியாகியிருந்தது. மாறியது ஒன்றே ஒன்று, அவரை எடுக்கும் கிளப் அதைக் கட்ட வேண்டியதில்லை. கிளப்புகள் ஒதுங்கியதற்கு அவருடைய வயதோ பெயரோ சம்பளமோ காரணம் என்று வாதாடுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

மார்சேயில் நன்றாகவே ஆடினார். அந்த அக்டோபரில், ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு, பிரான்ஸ் தேசிய அணிக்கும் திரும்பினார். 2016 யூரோ போட்டிக்கான பட்டியலில் இருந்து முழங்கால் காயத்தால் விலக வேண்டிவந்தது. அப்புறம் அபுதாபியில் கொஞ்ச காலம், கடைசியில் பாரிஸ் சென்ட் ஜெர்மெய்ன், 2019-இல் ஓய்வு.

ஏன் பெல்ஜியத்தில் வழக்கு

2015 டிசம்பரில் அவர் எடுத்த முடிவு, எல்லாவற்றையும்விட யோசித்து எடுத்தது என்று தோன்றுகிறது. ஃபிஃபா மீதும் பெல்ஜியச் சம்மேளனத்தின் மீதும் சார்லெரோயில் உள்ள வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கைநழுவிய சம்பளத்துக்காக 60 லட்சம் யூரோ கேட்டார். லோகோமோட்டிவை இதில் இழுக்கவில்லை.

லோசான் தீர்ப்பாயத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஃபிஃபாவின் விதி சரியா தவறா என்ற கேள்வி ஃபிஃபாவின் விதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது சுவிட்சர்லாந்தில் உள்ள நடுவர் அமைப்பு. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் அதனால் கேள்வி அனுப்ப முடியாது. உறுப்பு நாட்டு நீதிமன்றத்தால் முடியும். வேலை வாய்ப்பு போனது பெல்ஜிய மண்ணில், ஆகவே பெல்ஜிய நீதிமன்றம். இருபது வருடத்துக்கு முன், ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் மாற முடியாமல் தவித்த பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் போன பாதையும் இதுதான். லியேஜில் தொடங்கி லக்சம்பர்க்கில் 1995 டிசம்பர் 15 அன்று முடிந்த அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர் ஒருவர் இந்த வழக்கிலும் இருந்தார்.

2017 ஜனவரியில் சார்லெரோய் நீதிமன்றம் கொள்கையளவில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஃபிஃபா மேல்முறையீடு செய்தது. 2022 செப்டம்பரில் மோன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்விகளை லக்சம்பர்க்குக்கு அனுப்பிவைத்தது. இடையில் ஐந்தரை வருடம். எழுதும்போது ஒரு வரிதான், அதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார்.

லக்சம்பர்க் சொன்னது

ஃபிஃபா சொன்ன நோக்கத்தை நீதிமன்றம் ஒதுக்கவில்லை. பருவத்தின் நடுவில் அணிகள் கலைந்துகொண்டே இருந்தால் போட்டி நடத்த முடியாது, ஓரளவு நிலைத்தன்மை வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது. அதற்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றது. தொழிலாளர் தடையின்றி நாடு விட்டு நாடு போய் வேலை செய்யலாம் என்னும் ஒன்றிய ஒப்பந்தத்தின் 45-ஆவது பிரிவுக்கு இந்த விதிகள் முரண் என்றும், போட்டிச் சட்டமான 101-ஆவது பிரிவுக்கும் முரண் என்றும் தீர்ப்பளித்தது.

நஷ்டஈட்டுக்கான அளவுகோல்களில் சில தெளிவில்லாதவை, சில வேலை ஒப்பந்தத்தோடு தொடர்பே இல்லாதவை, சில மிதமிஞ்சியவை. புதிய கிளப் என்ன செய்தது என்று பாராமலேயே அதன் தலையில் கடனைக் கட்டுவதும், தூண்டியதாக அனுமானிப்பதும், தகராறு என்ற ஒரே காரணத்துக்காகச் சான்றிதழை நிறுத்திவைப்பதும் ஏற்க முடியாதவை. போட்டிச் சட்டத்தின்படி நீதிமன்றம் சொன்னது இன்னும் காரமானது. ஒரு கிளப்பின் ஆட்டக்காரரை இன்னொரு கிளப் எடுக்காமலிருக்க எல்லோரும் பேசிவைத்துக்கொண்டால் எப்படியோ, அதற்கு நெருங்கியதாகவே இந்த விதிகளை அது பார்த்தது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் நஷ்டஈடு கேட்கும் சாதாரணச் சட்ட வழி கிளப்புகளுக்கு இருக்கத்தானே செய்கிறது என்றும் கேட்டது.

அதன் பின்

மாற்ற முறையின் அடிப்படை அப்படியே நிற்கிறது, இரண்டு பிரிவுகளின் சில பத்திகள் மட்டுமே கேள்விக்குள்ளாகியிருக்கின்றன என்று ஃபிஃபா சொன்னது. 2024 டிசம்பரில் இடைக்கால விதிகளைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ, எங்களோடு உடன்பாடு காணாமல் செய்தது இது என்று ஆட்சேபித்தது. பி.இசட்.டின் பண வழக்கு பெல்ஜியத்துக்கே திரும்பியது. சமரசப் பேச்சு கூடிவரவில்லை. 2025-இல் அவர் தரப்பு கேட்ட தொகை 6.5 கோடி யூரோ என்று அறிவிக்கப்பட்டது.

என்ன வேறு மாதிரி இருந்திருக்கலாம்

ஆட்டக்காரர் தரப்பிலிருந்து தொடங்கினால், 2014 ஆகஸ்டில் அவருக்கு வேண்டியிருந்தது நிதானம். சம்பளத்தில் கை வைக்கிறார்கள் என்றால் பயிற்சிக்குப் போய்க்கொண்டே எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு. களத்திலிருந்து விலகிய நாளே வாதம் பலவீனமாகிவிட்டது. செல்சி, ஆர்சனல் காலத்தில் கிளம்பிப் போனதெல்லாம் கிளப்பின் சம்மதத்தோடு. மாஸ்கோவில் சம்மதம் இல்லை.

இரண்டாவது, நேரம். சார்லெரோயின் கடிதம் வந்தது ஒப்பந்தம் முறிந்து ஆறு மாதம் கழித்து. தற்காலிகப் பதிவு தரலாமா என்று ஃபிஃபா சிறப்புச் சூழல்களில் பார்க்க விதியில் இடம் இருந்தது. அந்தக் கதவை 2014 செப்டம்பரிலேயே, கையில் ஒரு கிளப் இல்லாதபோதே, தட்டத் தொடங்கியிருக்கலாம் என்பது என் கருத்து. பலித்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ஃபிஃபா தரப்பில், கடனையும் பதிவையும் தனித்தனியாக வைத்திருக்கலாம். ஆட்டக்காரர் எங்காவது ஆடிச் சம்பாதித்தால்தானே பழைய கிளப்புக்கே பணம் வரும்? 1.05 கோடி யூரோ கேட்டுவிட்டுச் சம்பாதிக்கும் வழியை அடைத்ததில் லோகோமோட்டிவுக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இடைக்கால விதியின்படி, புதிய கிளப் தூண்டியது என்று பழைய கிளப்தான் நிரூபிக்க வேண்டும், அதன் பிறகே சேர்ந்து பொறுப்பு. தகராறைக் காட்டிச் சான்றிதழை நிறுத்திவைக்க முடியாது, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பிப்ரவரி 19 அன்று சார்லெரோய் போட்ட இரண்டு நிபந்தனையில் முதலாவது இப்போது மூன்று நாள் வேலை. இரண்டாவதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.